அஞ்சாது நிற்கப் பயிற்றுவோம்

(கழகத்தின் வெள்ளிவிழாவையொட்டிக் கள்ளக்குறிச்சியில் நிகழ்த்திய உரை)



ஒரு கல்விக் கழகம் 25 ஆண்டுகள் தளராது நடப்பது சிறு செயலன்று. நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் பள்ளியிற் சேர்ந்தனர், எத்தனை பேர் தேர்ச்சியுற்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்னும் கணக்கைச் செயலாளர் தம் அறிக்கையில் தருவார். அக்கணக்கில் வாராத ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசவே நான் வந்திருக்கின்றேன். பள்ளியிற் சேர்ந்து, பாடத்தைப் பற்றிக்கொள்ளும் அறிவும் இருந்து, ஒருநாள் காலையில் "வயிறு வலிக்கிறது, இன்றைக்குப் போகவில்லை" என்று திண்ணையில் அமர்ந்துவிடும் பிள்ளை அது. மறுநாளும் வயிறு வலிக்கும். ஒரு திங்கள் கழிந்தால் அப்பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கும். பிள்ளை வகுப்பில் இராது. அவ்வலியின் காரணத்தை அறிந்தோமா? வகுப்பில் யாரோ ஒருவர் நாள்தோறும் ஒரு சொல்லைச் சொல்கின்றனர். அச்சொல்லைக் கேட்க அஞ்சியே பிள்ளை வீட்டில் அமர்கின்றது.

பிள்ளைகள் தமக்குள் சண்டையிடுவது இயல்பு. கோலிக்காக அடித்துக்கொண்டு மாலையில் கூடி விளையாடுவர். அதில் பெரியவர் தலையிடத் தேவையில்லை. நான் கூறுவது வேறு. ஒரு பிள்ளையையே குறிவைத்து, வலியவர் ஒருவரோ பலர் கூடியோ, நாள் தவறாமல் சீண்டுவது. பட்டப்பெயர் வைத்து அழைப்பது. புத்தகப் பையை ஒளிப்பது. சத்துணவு வரிசையிற் பின்னே தள்ளுவது. கபடியில் சேர்க்காது விலக்குவது. "இவள் பக்கத்தில் உட்காராதே" என்று பிறரையும் தடுப்பது. இத்துன்பம் எவ்வூர்ப் பிள்ளைக்கும் நேரலாம். நம் பிள்ளைக்கு மட்டும் இதன்மேல் மற்றொரு சுமை ஏறுகின்றது. அவர்களைச் சீண்டும் சொல் தெருவின் பெயராக, தந்தையின் தொழிலாக, சாதியின் பெயராக வருகின்றது. ஆறு வயதுச் சிறுவன் அச்சொல்லைத் தானே உண்டாக்கவில்லை. அவன் வீட்டில் கேட்டதை வகுப்பிற்குக் கொண்டுவருகின்றான். ஆகவே நம் பிள்ளை எதிர்ப்படுவது ஒரு சிறுவனையாயினும், அவனுக்குப் பின்னே ஓர் ஊரே நிற்பதாக அதன் நெஞ்சு உணர்கின்றது.

நம் முன்னோர் இதனை அறிவர். அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் பள்ளியிற் பயின்ற நாளில், வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணியைத் தனியே விரித்து அமர்ந்தார். மாலையில் அக்கோணியையும் தாமே வீட்டிற்கு எடுத்துச் சென்றார். பள்ளிப் பணியாள் அதனைத் தொடமாட்டார். தாகமெடுத்தால் குழாயைத் தாமே திறத்தல் கூடாது; பணியாள் வந்து திறக்க வேண்டும். பின்னர்ப் பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தபோது, பலகைக்குப் பின்னே வைத்திருந்த தம் உணவுப் பெட்டிகள் தீட்டுப்படும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை அகற்றினர். ஓடியவர்கள் சிறுவர்கள் என்பதை நினைவிற் கொள்க. அவர்களை ஓடப் பழக்கியவர்கள் பெரியவர்கள்.

நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனார் கோயம்புத்தூரில் பயின்றபோது பட்ட பாட்டைத் தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கின்றார். உடன் பயில்வோர் தம் சாதியையும் குடும்பத்தையும் அறிந்தால் இழிவாக நடத்துவர் என்றஞ்சி, பள்ளி மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தபின் வகுப்பினுள் நுழைவார். வகுப்பு கலைந்ததும் எவரும் உடன் வந்து சேராதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். பிள்ளைகளோடு கூடி விளையாட இயலாத அவ்வேதனையை முதுமையிலும் அவர் மறக்கவில்லை. ஒரு சிறுவன் தன்னை யாரும் அறியக் கூடாதென்று ஒளிந்தொளிந்து கற்ற கல்வி அது.

அச்சிறுவர்தாம் பெரியவராகி 1893ஆம் ஆண்டில் ஓர் இதழ் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் "பறையன்". எப்பெயர் வெளிப்படக் கூடாதென்று பள்ளி வாயிலில் ஒளிந்தாரோ, அப்பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டார். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளிலும் பொதுக் கிணறுகளிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தவரும் அவரே. ஒளிந்த இடத்திலிருந்து நிமிர்ந்த இடத்திற்கு அவர் தம் முயற்சியால் வந்து சேர்ந்தார். அவ்வழியில் வந்து சேராமல் ஒளிந்த நிலையிலேயே வாழ்ந்து மறைந்தோர் எத்தனையோ பேர். நம் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே நிமிர்ந்து நிற்கக் கற்க வேண்டும். அதனைக் கற்பிப்பது நம் கடமை.

எவ்வாறு கற்பிப்பது? நம் வீடுகளில் இரண்டு அறிவுரைகள் வழங்குகின்றன. ஒன்று, "பொறுத்துப் போ" என்பது. நம் பாட்டிமார் கூறும் இவ்வுரை அன்பிலிருந்தும் அச்சத்திலிருந்தும் பிறந்தது. எதிர்த்துப் பேசியதற்காகக் குடிசைகள் எரிந்ததை அவர்கள் கேட்டிருக்கின்றனர், சிலர் கண்டுமிருக்கின்றனர். ஆயினும் ஆறு வயதுப் பிள்ளை இதிலிருந்து பெறும் பாடம் யாது? தனக்கு நேர்வது நேரத் தக்கதே என்பதுதான். மற்றொன்று, "திருப்பி அடி" என்பது. இளைஞர்கள் பெரிதும் விரும்பும் உரை இது. ஒருவனுக்கு எதிராக ஐவர் நிற்கும் இடத்தில் இது பயன்படாது. அடித்த பிள்ளையே தண்டனைக்கு உள்ளாகும். வகுப்பறைச் சண்டை மாலைக்குள் தெருச் சண்டையாகும். இவ்விரண்டு உரைகளும் ஒன்றில் ஒத்திருக்கின்றன. இரண்டும் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகின்றன. பொறுத்தாலும் தனியே பொறுக்க வேண்டும், அடித்தாலும் தனியே அடிக்க வேண்டும்.

நாம் கற்பிக்க வேண்டியவை வேறு. ஐந்து வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான்கு பாடங்களைக் கூறுவேன்.

முதற் பாடம், பிழை தன்மேல் இல்லை என்பது. சீண்டப்படும் குழந்தை தன் நிறத்தையும் தன் வீட்டையும் தன் தாய் தந்தையரையும் வெறுக்கத் தொடங்குகின்றது. நஞ்சு அங்கேதான் ஏறுகின்றது. "அவன் சொன்னது தப்பு, உன்மேல் தப்பில்லை" என்னும் சொல்லைப் பிள்ளை நம் வாயிலிருந்து பலமுறை கேட்க வேண்டும். நாமே நம் மகளைக் கறுப்பி என்று கூப்பிட்டுக்கொண்டு, பிறர் அவ்வாறு அழைத்தால் வருந்தாதே என்று கூறுவது பொருந்தாது. வீட்டில் மதிப்போடு பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பிள்ளைக்கே, வெளியில் தன் பெயரைக் காத்துக்கொள்ளத் தெரியும். இரவில் கதை கேட்கும் குழந்தைக்கு அரசர் கதையோடு, பள்ளி வாயிலில் ஒளிந்து நின்ற சீனிவாசனாரின் கதையையும் கூறுங்கள்.

இரண்டாம் பாடம், நிற்கும் நிலையும் ஒரு வாக்கியமும். சீண்டுபவன் அழுகையையோ ஆத்திரத்தையோ எதிர்பார்க்கின்றான். இரண்டும் அவனுக்கு விளையாட்டு. ஆதலின் பிள்ளை நிமிர்ந்து நின்று, எதிரியின் முகத்தைப் பார்த்து, தெளிவான குரலில் ஒரே வாக்கியத்தைக் கூறிவிட்டு அகலப் பழக வேண்டும். "என் பேரு செல்வி. பேரைச் சொல்லிக் கூப்பிடு." இவ்வளவு போதும். வசைக்கு வசை வேண்டா. வாக்கியத்தை வாயால் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. நடித்துப் பழக்க வேண்டும். நம் மாலைப் பள்ளிகளில் வாரம் ஒருநாள் இதனை விளையாட்டாக நடத்தலாம். ஒருவன் சீண்டுபவனாக, ஒருவன் சீண்டப்படுபவனாக, சிலர் வேடிக்கை பார்ப்பவராக நடித்து, பின்னர் இடம் மாறி நடிக்க வேண்டும். சொல்லிச் சொல்லிப் பழகிய நா, உண்மையில் வேளை வரும்போது ஒட்டிக்கொள்ளாது. இதற்கொரு வரம்பும் உண்டு. எதிரே நிற்பவர் பலராயினும், மிகப் பெரியவராயினும், இடம் தனிமையாயினும் வாக்கியம் வேண்டா. ஆளிருக்கும் இடத்திற்கு ஓடுவதே அறிவு. அவ்வாறு ஓடிவந்த பிள்ளையை எவரும் கோழை என்று கூறலாகாது.

மூன்றாம் பாடம், தனியே இராமை. வழியில் நடப்பதும், குழாயடிக்குச் செல்வதும், கழிப்பறைக்குச் செல்வதும் துணையோடு ஆகட்டும். நம் தெருப் பிள்ளைகள் மட்டும் துணையாவது போதாது. பிற தெருப் பிள்ளைகளுள் ஒருவரேனும் தோழராக இருக்கும்படி நாம் ஊக்க வேண்டும். பல தெருப் பிள்ளைகள் கூடி நடக்கும் கூட்டத்தைச் சாதிச் சொல்லால் சீண்டுவது எளிதன்று.

நான்காம் பாடம், சொல்லுதல். "கோள் சொல்லாதே" என்று பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கின்றோம். அதனாலேயே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. கோளுக்கும் முறையீட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைக்கு விளங்கும்படி கூறலாம். பிறரை மாட்டிவிடச் சொல்வது கோள். தன்னையோ பிறரையோ துன்பத்திலிருந்து விடுவிக்கச் சொல்வது முறையீடு. இவ்வளவு கூறினால் எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்கு விளங்கும்.

இனி, வேடிக்கை பார்ப்பவரைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நார்வே நாட்டில் 1982ஆம் ஆண்டின் இறுதியில், உடன் பயில்வோரின் கொடுமை தாளாமல் சிறுவர் மூவர் தற்கொலை செய்துகொண்டனர். அந்நாடு விழித்துக்கொண்டு, 1983இல் நாடு முழுவதும் பள்ளிகளில் இதனைத் தடுக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. டான் ஓல்வியஸ் என்னும் உளவியலறிஞர் அதில் பெரும்பங்கு கொண்டார். அவரும் அவர் வழியில் ஆராய்ந்தோரும் வற்புறுத்தும் செய்தி ஒன்றுண்டு. சீண்டல் இருவருக்கிடையே நடப்பதன்று. அதனைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கின்றது. சிரிப்பவர் சிலர், சும்மா நிற்பவர் பலர். சிரிப்பு நின்றால் சீண்டுபவனுக்குச் சுவை குன்றும். ஒரே ஒருவர் எழுந்து சீண்டப்பட்ட பிள்ளையின் அருகில் சென்று அமர்ந்தாலும் காற்று திசை மாறும். ஆகவே நம் பிள்ளைகளுக்குத் தமக்காக நிற்கக் கற்பிப்பதோடு, பிறருக்காக நிற்கவும் கற்பிக்க வேண்டும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் கூறியாக வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து பிள்ளைகள் கீழே வந்து நம்மிடையே பயில்கின்றனர். அம்மலை மக்கள் நாடு விடுதலை பெற்ற பின்னும் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்து, 1976இல்தான் அதிலிருந்து விடுபட்டனர். இன்றும் பெற்றோர் பலர் கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் கருநாடகத்துக் காப்பித் தோட்டங்களுக்கும் கூலி வேலைக்குச் சென்றுவிட, பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தங்கிப் படிக்கின்றனர். துன்பம் நேர்ந்தால் அன்று மாலையே சொல்வதற்கு அவர்களுக்குத் தாய் அருகில் இல்லை. அப்பிள்ளைகளின் பேச்சைப் பழித்துக் காட்டி, "காட்டான்" என்று கூப்பிடும் கூட்டத்தில் நம் பிள்ளையும் நின்று சிரித்தால், நாம் கற்பித்த கல்வி எதற்கு? இருளர் பிள்ளையையும் துப்புரவுத் தொழிலாளரின் பிள்ளையையும் நம் பிள்ளை எவ்வாறு அழைக்கின்றது என்பதைச் செவி கொடுத்துக் கேளுங்கள். தன்மேல் எறியப்பட்ட கல்லை எடுத்துத் தனக்குக் கீழே இருப்பதாக எண்ணும் ஒருவர்மேல் எறிவது வீரமாகாது. வெள்ளிமலையிலிருந்து வந்த சிறுமியின் பக்கத்தில் நம் தெருச் சிறுமி சென்று அமரும் நாளிலேதான், அஞ்சாமையை நாம் முழுமையாகக் கற்பித்தவராவோம்.

பெரியோர்களே, இதுவரை பிள்ளைகளின் கடமையைக் கூறினேன். நம் கடமை அதனினும் பெரிது. அதனை நாங்குநேரி நமக்கு அறிவித்தது. திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற நம் மாணவன் ஒருவன், உடன் பயிலும் பிற சாதி மாணவர்களின் கொடுமைக்கு அஞ்சிச் சில நாள் பள்ளிக்குச் செல்லாதிருந்தான். காரணம் கேட்கப்பட்டபோது நேர்ந்ததை மறையாமல் சொன்னான். 2023 ஆகஸ்டு 9ஆம் நாள் இரவு, அம்மாணவர்கள் அவன் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுண்டாள். அண்ணனும் தங்கையும் உயிர் பிழைத்தனர். மறு ஆண்டு அம்மாணவன் அரசுத் தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான் என்ற செய்தி கேட்டுத் தமிழகம் நெகிழ்ந்தது.

இதிலிருந்து "சொன்னதனால் வந்த வினை, சொல்லாதிருப்பதே நலம்" என்று முடிவு கட்டுவோர் உண்டு. அம்முடிவு தவறு. அவன் செய்ய வேண்டியதைச் செய்தான். சொல்லிய பிள்ளையைச் சுற்றி அன்றிரவு அரணாக நின்றிருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். பிள்ளையைச் சொல்லத் தூண்டிவிட்டு, சொன்னபின் அதனைத் தனியே வீட்டிற்கு அனுப்பும் உரிமை எவருக்கும் இல்லை.

அமெரிக்க நாட்டில் நியூ ஆர்லியன்சு நகரில் 1960 நவம்பர் 14ஆம் நாள், வெள்ளையர் மட்டுமே பயின்றுவந்த பள்ளிக்குள் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி நுழைந்தாள். வழியெங்கும் நின்ற கூட்டம் வசை பொழிந்தது. அவளை நடுவில் விட்டு, நடுவண் அரசின் காவல் அலுவலர் நால்வர் முன்னும் பின்னும் நடந்தனர். வெள்ளையர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை அவ்வொரு சிறுமிக்காகவே ஓராண்டு முழுவதும் வகுப்பு நடத்தினார். அச்சிறுமியின் துணிவை உலகம் போற்றுகின்றது, போற்றத்தக்கதே. அவள் நடந்தபோது உடன் நடந்தோர் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. அண்ணல் அம்பேத்கருக்கும், தோட்டத்தில் அமர்ந்து படிக்கும் சிறுவனைக் கண்டு நூல் தந்து ஊக்கிய கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் இருந்தார். இம்மாவட்டம் பழைய தென்னார்க்காட்டின் பகுதியாக இருந்த நாளில், சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதும், நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக அமர்ந்து கற்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகவே.

நாம் செய்யத் தக்கவற்றைச் சுருங்கக் கூறுவேன். பிள்ளை வந்து சொன்னால், "நீ என்ன செய்தாய்?" என்று முதலிற் கேட்காதீர்கள். முழுதும் கேளுங்கள், "நீ சொன்னது நல்லது" என்று கூறுங்கள். நாள், இடம், சொல்லப்பட்ட சொல், உடனிருந்தோர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாய் மட்டும் தனியே பள்ளிக்குச் செல்ல வேண்டா. கழகத்தார் ஒருவரும் உடன் செல்லட்டும். வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுத்துத் தலைமையாசிரியரிடம் ஒப்புகை பெறுங்கள். அன்று தொடங்கிச் சில நாள் பிள்ளையை அழைத்துச் சென்று அழைத்து வாருங்கள். மிரட்டல் உண்டாயின் அன்றே காவல்துறைக்குத் தெரிவியுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கின்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கின்றது. அச்சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அவ்விருக்கைகளை நம் தாய்மார்கள் வெறுமனே விடலாகாது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது நமக்கும் மலைவாழ் மக்களுக்கும் பொதுவான அரண். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. இவற்றை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்கலாம். நாங்குநேரி நிகழ்ச்சிக்குப்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு அவர்களின் குழு 2024 ஜூன் திங்களில் அரசுக்கு அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருத்தல் கூடாது, ஆசிரியர் மாணவரைச் சாதி குறித்து அழைத்தல் கூடாது, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையில் கட்டுதல் கூடாது என்பன அதன் பரிந்துரைகளுட் சில. நம் ஊர்ப் பள்ளியில் இவை நடைமுறையில் உள்ளனவா என்று கேட்பதற்கு இளைஞர்களே, உங்களுக்குப் பட்டம் தேவையில்லை. நேரில் சென்று கேட்கும் துணிவு போதும்.

ஒன்றை மறவாதீர்கள். சீண்டும் சிறுவனும் சிறுவனே. ஏழு வயது நிறையாத குழந்தையின் செயலைச் சட்டமே குற்றமாகக் கொள்வதில்லை. அவனைப் பழிவாங்குவது நம் நோக்கமன்று. அவன் வாயிலிருந்து அச்சொல் நீங்க வேண்டும் என்பதே நோக்கம். ஆயின் அச்சொல்லை ஊட்டிய பெரியவர்களோடும், கேட்டும் கேளாதார் போலிருக்கும் ஆசிரியரோடும் நாம் உறுதியாகப் பேசியே தீர வேண்டும்.

இளைஞர்களே, இக்கழகம் 25 ஆண்டுகளில் நம் பிள்ளைகளைப் பள்ளி வாயில்வரை கொண்டுசேர்த்தது. இனி வாயிலுக்கு உள்ளே அவர்கள் எவ்வாறு இருக்கின்றனர் என்று பார்க்கும் பொறுப்பு உங்களைச் சேர்ந்தது. ஒவ்வொரு தெருவிலும் இருவர் முன்வாருங்கள். வாரம் ஒருமுறை பிள்ளைகளை அமர்த்தி, "இந்த வாரம் யாராவது உன்னை அழவைத்தார்களா? நீ யாரையாவது அழவைத்தாயா?" என்னும் இரு கேள்விகளைக் கேளுங்கள். முதற் கேள்விக்கு வரும் விடையை எழுதுங்கள்; இரண்டாம் கேள்விக்கு வரும் விடையைத் திருத்துங்கள். வயிற்று வலி என்று திண்ணையில் அமர்ந்த பிள்ளை மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு, தோழியின் கைபற்றிப் பள்ளிக்கு நடப்பதைக் காண்பீர்கள். அதனினும் சிறந்த விழா நம் கழகத்திற்கு வேறில்லை.